ஒரே டீமுக்குள் ஏன் இவ்வளவு சண்டை? ஆங்லிரு வீடியோவைப் பார்த்துக் கேட்ட தம்பிக்கு

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்பெயினில் நடக்கும் வுவெல்டா சைக்கிள் பந்தயத்தில், 2023-இல் வீரர்கள் ஆங்லிரு மலை ஏறும் வீடியோவைப் பார்த்திருக்கிறார். சிவப்பு ஜெர்ஸி போட்டு முதலிடத்தில் இருக்கும் செப் கஸ்ஸை, அவருடைய சொந்த டீம்காரர்கள் இரண்டு பேர் மலையில் விட்டுவிட்டு முன்னால் போகிறார்கள். "அண்ணா, இது துரோகம் இல்லையா? ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் எப்படி இப்படிச் செய்ய முடியும்? நாங்களும் நாலு பேர் ஒரு டீமாகப் பந்தயத்துக்குப் போகிறோம். யார் லீடர் என்பதில் இப்பவே ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்.

அது துரோகம் இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அங்கே ஒரு தவறு நடந்தது. அது மலையில் நடக்கவில்லை. பல நாள் முன்பே, டீம் பஸ்ஸுக்குள் நடந்துவிட்டது. ஜெயிக்கக்கூடியவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கும்போது, இனி யாருக்காக ஓடுகிறோம் என்று பேசி முடிக்காமல் விட்டார்கள். சைக்கிள் பந்தய உலகில் டீமுக்குள் வெடித்த பெரிய சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றின் அடியிலும் இந்தப் பேசாமல் விட்ட பேச்சு கிடக்கும். குணத்தைக் குறை சொல்வது சுலபம். நான் வருஷக்கணக்காக இந்தப் பந்தயங்களைப் பின்தொடர்கிறேன், குணம் கெட்டவர்களால் நடந்ததைவிடப் பேசத் தயங்கியவர்களால் நடந்ததே அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, விஷயத்தைக் காற்றிலிருந்து தொடங்குகிறேன். நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் முப்பந்தல் பக்கம் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். தோவாளையிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று, திரும்பி வரும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். அப்போது முன்னால் ஒருவன் போனால், அவன் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம் மிச்சமாகும். இந்த விளையாட்டில் டீம் என்று ஒன்று இருப்பதற்கே காரணம் இதுதான். ஒருவனைக் காற்றிலிருந்து மறைத்துக் கொண்டுபோய், கடைசி மலையடிவாரத்தில் களைப்பில்லாமல் இறக்கிவிட மற்றவர்கள் வேண்டும்.

டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்டா மூன்றும் 21 ஸ்டேஜ் கொண்ட மூன்று வாரப் பந்தயங்கள். ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்; எல்லா ஸ்டேஜுக்கும் சேர்த்து யாருக்கு நேரம் குறைவோ அவருக்குப் பட்டம். ஒரு டீமுக்கு 8 பேர். 2018-க்கு முன் 9 பேர். ஒருவர் லீடர். மற்றவர்கள் காற்றை வாங்குவார்கள், பின்னால் வரும் டீம் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவார்கள், லீடருக்குப் பங்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். 1934 டூர் டி பிரான்ஸில் ரெனே வியெத்தோ என்ற 20 வயதுப் பையன் பிரெனீஸ் மலையில் தன் லீடர் அன்டோனின் மாக்னேவுக்குச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் மாக்னேவுக்குப் பழுது. முன்னால் போயிருந்த வியெத்தோ வந்த வழியே திரும்பி மலையேறி வந்து தன் சைக்கிளைக் கொடுத்தார். மாக்னே டூரை வென்றார். வியெத்தோவுக்கு 5-ஆம் இடம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது வியெத்தோவைத்தான்.

உழைப்பு எட்டுப் பேருடையது, ஆனால் நேரக் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பட்டத்தில் ஒரு பெயர்தான் ஏறும். இங்கேதான் முடிச்சு. பணத்தைப் பொறுத்தவரை பெரிய சிக்கல் இல்லை. டூர் டி பிரான்ஸ் வெற்றியாளருக்கு 5,00,000 யூரோ பரிசு, அதை டீமுக்குள் பிரித்துக்கொள்வது வழக்கம். குளச்சல், முட்டம் கரையில் வள்ளத்தில் போகிறவர்களுக்குள் பங்கு பிரிப்பது மாதிரி, யார் கையில் மீன் மாட்டியது என்று பார்க்காமல் பிரித்துவிடுவார்கள். பிரிக்க முடியாத வேறு விஷயங்கள் உண்டு. பெயர், அடுத்த வருஷ ஒப்பந்தத் தொகை, அடுத்த டூரில் லீடராகப் போகும் உரிமை. ஒரு வீரனுக்கு உடம்பு உச்சத்தில் இருப்பது சில வருஷங்கள்தான். அதில் ஒரு வருஷத்தை இன்னொருவனுக்குக் கொடு என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

இதற்கென்று எழுதாத விதிகள் உண்டு. உன் டீம்காரன் முன்னால் தனியாகப் போயிருந்தால் நீ அவனைத் துரத்தக் கூடாது. எதிராளி துரத்தினால் அவன் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போகலாம், ஆனால் முன்னால் வந்து இழுத்துக் கொடுக்கக் கூடாது. நீ அட்டாக் செய்யலாம், அதாவது திடீரென்று வேகமெடுத்துப் பிரிந்து போகலாம், ஆனால் எதிராளியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய் உன் லீடரிடமிருந்து பிரித்துவிடக் கூடாது. சாதாரண நாளுக்கு இந்த விதிகள் போதும். பலத்தில் சமமான இரண்டு பேர் ஒரே ஜெர்ஸியில் இருக்கும் நாளுக்குப் போதாது.

அந்த நாள் பெரும்பாலும் மலையில்தான் வரும். ஏற்றத்தில் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதன் லாபமும் குறையும். நம் ஆட்கள் பொன்முடி ஏறப் போவார்கள் இல்லையா, அங்கே 22 கொண்டை ஊசி வளைவுகள். கீழே கூட்டத்துக்குள் சொகுசாக வந்தவன் எல்லாம் பத்தாவது வளைவுக்குள் வெளியே தெரிந்துவிடுவான். டூரின் புகழ்பெற்ற ஆல்ப் துயேஸ் மலைக்கு 21 வளைவுகள், சுமார் 14 கிலோமீட்டர். யார் பலசாலி என்று டீம் கூட்டத்தில் எவ்வளவு மழுப்பினாலும், அந்தச் சாலையில் மழுப்ப முடியாது.

ஆல்ப் துயேஸ் என்றதும் 1986-க்கு வந்தாக வேண்டும். இந்தப் பொருளில் ஒரே ஒரு கதைதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

லா வி கிளேர் என்ற பிரெஞ்சு டீம். உரிமையாளர் பெர்னார் தாப்பி, பெரிய தொழிலதிபர். லீடர் பெர்னார் இனோ, அப்போதே நாலு டூர் வென்றவர். கூடவே அமெரிக்க இளைஞன் கிரெக் லெமாண்ட். 1985 டூரில் இனோ, முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்ஸியில் இருக்கும்போது செயின்ட் எத்தியேனில் விழுந்து மூக்கு உடைந்தது. அப்புறம் பிரெனீஸ் மலையில் லூஸ் ஆர்திதென் ஏற்றத்தில் அவர் திணறிய நாளில், லெமாண்ட் முன்னால், ஸ்டீபன் ரோச்சோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தார். ரோச்சுடன் சேர்ந்து உழைக்காதே, இனோ பக்கத்தில்தான் வருகிறார் என்று டீம் காரிலிருந்து சொன்னார்கள். லெமாண்ட் வேகத்தைக் குறைத்தார். இடைவெளி தனக்குச் சொன்னதைவிட அதிகமாக இருந்தது என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. இனோ 1 நிமிடம் 42 விநாடி வித்தியாசத்தில் தன் ஐந்தாவது டூரை வென்றார். லெமாண்ட் இரண்டாமிடம். அதற்கு ஈடாக, "அடுத்த வருஷம் உனக்காக நான் உழைப்பேன்" என்று இனோ எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் வந்தது. 12-ஆவது ஸ்டேஜில், பாவ் ஊருக்குப் போகும் வழியில், பெத்ரோ தெல்காதோவோடு சேர்ந்து இனோ பறந்தார். அன்று மாலை மஞ்சள் ஜெர்ஸி இனோவிடம்; லெமாண்ட் 5 நிமிடம் 25 விநாடி பின்னால். லெமாண்டால் துரத்த முடியாது, முன்னால் போவது சொந்த டீம்காரர். விதியை மதித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அவர்தான். மறுநாள் இனோ மறுபடியும் அட்டாக் செய்தார். இந்த முறை கடைசி ஏற்றத்துக்கு முன்பே சக்தி தீர்ந்தது. லெமாண்ட் சூப்பர்பானியேரில் ஸ்டேஜை வென்று இடைவெளியை 40 விநாடிக்குக் கொண்டுவந்தார். ஆல்ப்ஸ் மலையில், கிரனோன் கணவாய்க்கு ஏறிய 17-ஆவது ஸ்டேஜில் மஞ்சள் ஜெர்ஸி லெமாண்டுக்கு மாறியது. மறுநாள் ஆல்ப் துயேஸில் இருவரும் மற்ற எல்லோரையும் நிமிடக்கணக்கில் விட்டுவிட்டுச் சேர்ந்தே ஏறி, கைகோத்துக் கோட்டைத் தாண்டினார்கள். லெமாண்ட் லேசாகப் பின்வாங்க, வெற்றி இனோவுக்கு. உலகம் முழுக்க அச்சான படம் அது. எல்லாம் சமாதானம் என்று நினைத்தால், டூர் இன்னும் முடியவில்லை என்று அதற்குப் பிறகு இனோ டெலிவிஷனில் சொன்னார். கடைசியில் லெமாண்ட் 3 நிமிடம் 10 விநாடி வித்தியாசத்தில் வென்றார். டூரை வென்ற முதல் அமெரிக்கர்.

எதிராளிகளைக் களைக்க வைக்கத்தான் அட்டாக் செய்தேன், அதுவும் லெமாண்டுக்கு உதவிதான் என்பது இனோவின் விளக்கம். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்தத் தாக்குதல்களால் மற்ற டீம்காரர்கள் சிதறிப்போனார்கள். ஆனாலும் 5 நிமிடத்தை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டு அதை உதவி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. லெமாண்ட் பட்ட மன வேதனையை அவருடைய பேட்டிகளில் இப்போதும் கேட்கலாம். அந்த டூரில் அவர் தன் சொந்த டீமையே நம்ப முடியாமல் இருந்தார்.

என் கண்ணில் படும் விஷயம் வேறு. அந்த வாக்கை யாரும் விரித்துப் பேசவே இல்லை. "உனக்காக உழைப்பேன்" என்றால் எந்த நாளிலிருந்து? முதல் டைம் டிரையலில் (ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு மோதும் ஸ்டேஜ்) நான் உன்னைவிட வேகமாக இருந்தால்? எனக்கு ஐந்து நிமிட லாபம் கிடைக்கும் வாய்ப்பு வந்தால் அதை விடணுமா? இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் டீமை நடத்தியவர்கள். அவர்களுக்கு இரண்டு நட்சத்திரங்கள் மோதிக்கொள்வது நல்ல விளம்பரம். கேட்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வருஷம் வெளியே பெரிய எதிராளி இல்லை. உர்ஸ் சிம்மர்மான் மூன்றாமிடத்தில் இருந்தார், அவ்வளவுதான். வெளியில் பயப்பட ஆள் இருந்தால் டீம் தானாகச் சேர்ந்து நிற்கும். அந்தப் பயம் போன மறுநாள்தான் உள்ளே புகைய ஆரம்பிக்கும். 2023-இலும் இதே மாதிரிதான் நடந்தது, சொல்கிறேன்.

1986-க்கு அடுத்த வருஷமே இத்தாலியில் இதைவிடக் கசப்பான ஒன்று. கரேரா டீமில் ரொபெர்தோ விசென்தினி, முந்தைய வருஷ ஜிரோ சாம்பியன், இத்தாலியர். அதே டீமில் அயர்லாந்துக்காரர் ஸ்டீபன் ரோச். சான் மரீனோ டைம் டிரையலில் விசென்தினி, ஜிரோவில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்ஸியை ரோச்சிடமிருந்து பறித்தார். சில நாளில் சப்பாதா ஊருக்குப் போகும் ஸ்டேஜில், ஒரு மலை இறக்கத்தில் ரோச் வேகமெடுத்துப் பிரிந்து போனார். நிறுத்து என்று டீம் காரிலிருந்து உத்தரவு. அவர் நிறுத்தவில்லை. அப்புறம் நடந்தது, எழுதாத விதி எல்லாவற்றையும் மீறிய காட்சி: கரேரா டீமே வரிசை கட்டித் தன் வீரரைத் துரத்தியது. அன்று கடைசியில் உடைந்துபோனவர் விசென்தினிதான். ஜெர்ஸி ரோச்சிடம் திரும்பியது. டீமுக்குள் அவர் பக்கம் நின்றவர் பெல்ஜியத்துக்காரர் எடி ஷெப்பர்ஸ் ஒருவர்தான். சாலையோரம் இத்தாலிய ரசிகர்கள் ரோச் மேல் துப்பினார்கள். அவர் ஜிரோவை வென்றார், அதே வருஷம் டூரை வென்றார், உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றார். ஒரே வருஷத்தில் மூன்றையும் வென்றவர் அவருக்கு முன் எடி மெர்க்ஸ் மட்டும்தான், 1974-இல்.

ரோச் செய்தது சரியா? உத்தரவை மீறினார், அது உண்மை. ஆனால் யார் பலசாலி என்பதைப் பந்தயமே சொல்லட்டும் என்று இரண்டு லீடர்களோடு ஜிரோவுக்கு வந்துவிட்டு, பந்தயம் பேச ஆரம்பித்ததும் ஒருவனை மட்டும் வாயை மூடச் சொன்னால் அது நியாயம் ஆகாது. நான் ரோச் பக்கம்தான்.

2009 டூரில் அஸ்தானா டீமுக்குள் நடந்தது நமக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் அது பக்கக் காற்றால் வந்தது. காவல்கிணறிலிருந்து கன்னியாகுமரி நோக்கித் தெற்கே திரும்பினால் ஆடிக் காற்று வலது பக்கமிருந்து அறையும். அப்போது நேர் பின்னால் ஓட்டினால் மறைவு கிடைக்காது. முன்னால் போகிறவனுக்கு இடது பக்கமாக, சற்றுப் பின்தள்ளி வர வேண்டும். அவனுக்கு அடுத்தவன் இன்னும் இடது பக்கம். இப்படிச் சாய்வாக வரிசை போட்டால் ஐந்தாறு பேரில் சாலையின் அகலம் தீர்ந்துவிடும். அடுத்தவன் சாலையோர மண்ணில் இறங்க வேண்டும், அல்லது மறைவில்லாமல் முழுக் காற்றையும் வாங்க வேண்டும். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் "லே மக்கா, கொஞ்சம் வலத்தே ஏறிக் குடு" என்று சத்தம் வருவது அந்த இடத்தில்தான். அங்கே ஒரு நொடி அசந்தால் முன்கூட்டம் பிரிந்து போய்விடும், அப்புறம் சேரவே முடியாது.

அந்த டூரின் மூன்றாவது ஸ்டேஜ், மார்செய்யிலிருந்து லா கிராந்த் மொத் வரை, கடலோரச் சாலை. காற்றில் கூட்டம் உடைந்தது. அஸ்தானாவின் ஆல்பெர்தோ கோன்டடோர் பின்கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் முன்கூட்டத்தில். விதிப்படி பார்த்தால் முன்னால் இருக்கும் அஸ்தானா ஆட்கள் இழுக்காமல் இருந்திருக்க வேண்டும், பின்னால் சொந்த லீடர் இருக்கிறாரே. ஆனால் அவர்கள் இழுத்துக் கொடுத்தார்கள். 41 விநாடி போயிற்று. யாரை லீடராக நினைக்கிறார்கள் என்பது அன்றைக்குக் கோன்டடோருக்குப் புரிந்துவிட்டது. அந்தோராவில் ஆர்க்காலிஸ் ஏற்றத்தில் யாரையும் கேட்காமல் அட்டாக் செய்தார். வெர்பியேரில் எல்லோரையும் விட்டுவிட்டு மஞ்சள் ஜெர்ஸியை எடுத்தார். டூரையும் வென்றார். ஆம்ஸ்ட்ராங்கின் மூன்றாமிடம் 2012-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் பறிக்கப்பட்டது தனிக்கதை.

2012 டூரில் ஸ்கை டீமுக்கு லீடர் பிராட்லி விக்கின்ஸ். துணைக்கு கிறிஸ் ஃப்ரூம். முந்தைய வருஷ வுவெல்டாவில் விக்கின்ஸுக்காக உழைத்துக்கொண்டே 13 விநாடியில் பட்டத்தை இழந்தவர் ஃப்ரூம். அன்று வென்ற கோபோவின் பட்டம் 2019-இல் பறிக்கப்பட்டு ஃப்ரூமுக்கு வந்தது, அதற்கு எட்டு வருஷம் ஆயிற்று. ஆக 2012-இல் அவர் எந்த மனநிலையில் வந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். லா தூசுயிர் ஏற்றத்தில் அவர் வேகமெடுத்ததும் விக்கின்ஸ் பின்தங்கினார். காதில் ரேடியோ பேசியது. ஃப்ரூம் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். பெய்ராகூட் ஏற்றத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்து, வா வா என்று கையசைத்துக்கொண்டே ஏறினார். முன்னால் வல்வெர்தே ஸ்டேஜை வென்றுகொண்டிருந்தார், ஃப்ரூமுக்கு அது எட்டும் தூரம்தான். விக்கின்ஸ் வென்றார், ஃப்ரூம் 3 நிமிடம் 21 விநாடி பின்னால் இரண்டாமிடம். டீம் தெளிவாக முடிவெடுத்திருந்தது, அதனால் பட்டம் கைநழுவவில்லை. ஆனால் அந்த இருவரும் அதற்குப் பிறகு ஒரே டூரில் சேர்ந்து ஓடவே இல்லை. முடிவு தெளிவாக இருந்தாலும், விட்டுக்கொடுத்தவனுக்கு என்ன திருப்பிக் கொடுப்போம் என்பது தெளிவாக இல்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

இதை ஒழுங்காகச் சமாளித்தவர்களே இல்லையா என்றால், உண்டு. அதற்கு 1949-க்குப் போக வேண்டும். ஃபாவ்ஸ்தோ கோப்பி, ஜினோ பர்த்தாலி இருவரின் பகையும் இத்தாலியையே இரண்டாகப் பிரித்தது. 1940 ஜிரோவுக்கு லெக்னானோ டீமில் பர்த்தாலிக்குத் துணையாக வந்த 20 வயதுக் கோப்பி, பர்த்தாலி ஒரு நாயில் மோதி விழுந்து பின்தங்கியதும் லீடராகி, பட்டத்தையே வென்றார். அங்கே தொடங்கியது. 1948 உலக சாம்பியன் போட்டியில், ஹாலந்தின் வால்கென்பெர்க்கில், இருவரும் இத்தாலிய அணியில். ஒருவர் போனால் இன்னொருவர் ஜெயித்துவிடுவாரோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்து, இரண்டு பேரும் பந்தயத்தை விட்டு வெளியேறினார்கள். இத்தாலிய சைக்கிள் சங்கம் இருவருக்கும் தடை விதித்தது.

அடுத்த வருஷ டூருக்கு இந்த இருவரையும் ஒரே அணியில் கூட்டிப்போனவர் ஆல்ஃப்ரெதோ பிந்தா, தானே பெரிய சாம்பியனாக இருந்தவர். டூரின் முதல் வாரத்தில் கோப்பி விழுந்து சைக்கிள் கெட்டு, தனக்கு ஏற்ற மாற்று சைக்கிள் உடனே வராததால் வீட்டுக்குப் போகிறேன் என்றார். முதலிடத்துக்கும் அவருக்கும் அரை மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி. பர்த்தாலிக்குத்தான் சாதகம் காட்டுகிறீர்கள் என்பது அவருடைய சந்தேகம். பிந்தா அவரைச் சமாதானப்படுத்தி நிறுத்தினார். ஆல்ப்ஸில் இருவரும் சேர்ந்து மற்றவர்களைப் பிரித்து எடுத்தார்கள். பிரியான்சோனில் பர்த்தாலிக்கு ஸ்டேஜும் மஞ்சள் ஜெர்ஸியும். அன்று அவருடைய 35-ஆவது பிறந்தநாள். மறுநாள் ஆவ்ஸ்தா போகும் வழியில் பர்த்தாலிக்குப் பங்சர், அப்புறம் விழுந்தார். கோப்பி தன்னிஷ்டப்படி ஓடிவிடவில்லை. பிந்தா போகச் சொன்ன பிறகுதான் போனார். டூர் கோப்பிக்கு, இரண்டாமிடம் பர்த்தாலிக்கு. அப்புறம் இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வாரமும் முடிவெடுக்க ஒருவர் இருந்தார், அவர் முடிவை மாற்றினால் முகத்துக்கு நேரே சொன்னார்.

பெண்கள் பந்தயத்திலும் இப்போது இதே உயரத்தில் போட்டி நடக்கிறது. 2023 ஸ்ட்ராடே பியான்கேயில், சியேனா நகரச் சதுக்கத்துக்குள் எஸ்டி வொர்க்ஸ் டீமின் டெமி ஃபோலெரிங்கும் லொட்டே கோபெக்கியும் ஒருவரை ஒருவர் முந்த முழு மூச்சாக ஓடினார்கள். போட்டோ பார்த்துத்தான் ஃபோலெரிங் வென்றதாக முடிவு சொன்னார்கள். பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் ஆபத்தாக யாரும் இல்லாதபோது இரண்டு பேரும் நேராக மோதிப் பார்ப்பதுதான் நேர்மை. அதே வருஷம் பெண்கள் டூரில் ஃபோலெரிங் முதலிடம், கோபெக்கி இரண்டாமிடம். 2024-இல்தான் கவலையான விஷயம். ஆம்னேவில் முடிந்த ஸ்டேஜில் மஞ்சள் ஜெர்ஸியில் ஃபோலெரிங் விழுந்தார். அவருக்காக டீம் போதுமான அளவு நிற்கவில்லை என்ற விமர்சனம் பெரிதாக எழுந்தது. அதே டீமின் பிளாங்கா வாஸ் அன்று ஸ்டேஜை வென்றார். டூரின் முடிவில் ஃபோலெரிங் காசியா நிவியதோமாவிடம் தோற்றது 4 விநாடியில். அந்த சீசனோடு அவர் டீம் மாறினார்.

இப்போது உங்கள் ஆங்லிரு வீடியோவுக்கு வருகிறேன். 2023-இல் ஜம்போ விஸ்மா டீம் ஜிரோவை ப்ரிமோஷ் ரோக்லிச்சுக்கும், டூரை யோனாஸ் விங்ககோருக்கும் வென்று கொடுத்திருந்தது. இரண்டிலும் கஸ் துணை வீரர், இரண்டிலும் மலைகளில் அவருடைய உழைப்பு உண்டு. மூன்றாவதாக வுவெல்டாவுக்கு மூன்று பேரும் வந்தார்கள். 6-ஆவது ஸ்டேஜில் முன்னால் பிரிந்துபோன கூட்டத்தில் இருந்து கஸ் ஸ்டேஜை வென்றார், 8-ஆவது ஸ்டேஜில் சிவப்பு ஜெர்ஸி வந்தது. 13-ஆவது ஸ்டேஜில், தூர்மலே மலையில், வெளியிலிருந்து வந்த பெரிய எதிராளி ரெம்கோ எவெனபோல் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழந்து பட்டத்துக்கான போட்டியிலேயே இல்லாமல் போனார். அந்த ஸ்டேஜில் முதல் மூன்று இடமும் ஜம்போ விஸ்மாவுக்கு. அன்று இரவே டீம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியே பயப்பட ஆள் இல்லை, உள்ளே மூன்று பேர் ஜெயிக்கலாம். இந்த நிலையில் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று 1986 சொல்லவில்லையா?

பேசவில்லை, அல்லது பேசியும் திறந்தே விட்டார்கள். 16-ஆவது ஸ்டேஜில் விங்ககோர் போய் இடைவெளியை 29 விநாடியாக்கினார். மறுநாள் ஆங்லிரு, சில இடங்களில் 23 சதவீதத்துக்கும் மேல் சரிவு. அங்கே ரோக்லிச்சும் விங்ககோரும் போய்விட்டார்கள். கஸ்ஸுக்குத் துணையாக வந்தது வேறு டீமின் மிக்கேல் லாண்டா; தன் வேகத்தில் அவர் ஏறியது கஸ்ஸுக்கு உதவியாக அமைந்தது. மலை உச்சியில் கஸ்ஸிடம் மிச்சம் இருந்தது 8 விநாடி.

ரோக்லிச், விங்ககோர் இரண்டு பேரும் துரோகிகளா? தடை எதுவும் இல்லாத பந்தயத்தில் வேகமாக ஏறினார்கள். வீரனின் வேலை அது. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் கொதித்தார்கள், அந்தக் கொதிப்பும் நியாயம்தான். ஏனென்றால் இருவருக்கும் அந்த வருஷப் பட்டத்தை வாங்கிக் கொடுக்க உழைத்தவனின் முறை வந்தபோது, முறை என்று ஒன்று இருக்கிறது என்பதையே யாரும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து டீம் முடிவெடுத்தது, கஸ்ஸைக் காப்பாற்றுவது என்று. விங்ககோரும் ரோக்லிச்சும் அவருக்காக முன்னால் இழுத்தார்கள். கஸ் 17 விநாடியில் வென்றார், விங்ககோர் இரண்டாவது, ரோக்லிச் மூன்றாவது. ஒரே வருஷத்தில் மூன்று வாரப் பந்தயங்கள் மூன்றையும் ஒரே டீம் வென்றது அதுதான் முதல் முறை. சீசன் முடிந்ததும் ரோக்லிச் வேறு டீமுக்குப் போனார்.

இனி உங்கள் நாலு பேர் விஷயம். யார் நண்பர்களுக்குள் மூத்தவன், யாருடைய சைக்கிள் விலை அதிகம் என்பதையெல்லாம் வைத்து லீடரை முடிவு செய்யாதீர்கள். பாதையைப் பாருங்கள். சமதளத்தில் முடிகிற பந்தயம் என்றால் கடைசி இருநூறு மீட்டரில் வேகம் உள்ளவன் லீடர். ஏற்றத்தில் முடிந்தால் ஏறத் தெரிந்தவன். இரண்டு பேர் சமம் என்றால், ஒருவன் இந்தப் பந்தயத்துக்கு, மற்றவன் அடுத்த பந்தயத்துக்கு என்று இப்போதே பேசுங்கள். எந்தப் பந்தயம் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்பது இனோ கொடுத்த வாக்கு மாதிரிதான் போகும். மாற்று ஏற்பாட்டையும் பேசுங்கள். லீடர் எவ்வளவு பின்தங்கினால் மற்றவன் தனக்காக ஓடலாம், அதை யார் சொல்வது? உங்களுக்குக் காதில் ரேடியோ இருக்காது. அதனால் கடைசியில் யார் பக்கத்தில் இருப்பானோ அவன் வாயால் கேட்டுக்கொண்டு போகட்டும். பரிசுப் பணம் வந்தால் நாலு சம பங்கு, இழுத்துக் கொடுத்துக் கடைசியில் வந்தவனுக்கும் அதே பங்கு. இதைப் பந்தயத்துக்கு முன்னால் பேசினால் ஐந்து நிமிட வேலை, பிறகு பேசினால் ஐந்து வருஷப் பகை.

பங்சர் ஆனால் சக்கரம் கொடுப்பது யார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள், ஆனால் அதற்கு முன் நாலு சைக்கிளையும் ஒரே இடத்தில் நிறுத்திச் சக்கரங்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒருவனுடையது டிஸ்க் பிரேக், மற்றவனுடையது ரிம் பிரேக் என்றால் சக்கரம் பொருந்தாது. பின்சக்கரத்தில் பல்சக்கர எண்ணிக்கை வேறாக இருந்தாலும் கியர் ஒழுங்காக விழாது. லீடருக்கு எவனுடைய சக்கரம் பொருந்துகிறதோ, அவன்தான் அன்றைக்கு முழுக்க லீடரின் பக்கத்திலேயே ஓட வேண்டியவன்.